தட்டிக் கவனித்து வாங்கு

இசக்கி அப்படிப் பேசுகிறவள் இல்லை.

நயினார் கைபேசியைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தான். அவளுடைய எண்தான். குரலும் அவளுடையதுதான். அவள் இறப்பதற்கு முன் கடைசியாக அனுப்பிய குரல்செய்தி. அது வந்தபோது அவன் ஒரு கூட்டத்தில் இருந்தான். வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டான். வழியிலும் கேட்கவில்லை. வீட்டில் அவள் தரையில் கிடந்தாள். பிறகு ஆம்புலன்ஸ், தீவிர சிகிச்சைப் பிரிவு, வாயில் குழாய். டெங்கு. ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவன் அந்தச் செய்தியைத் தொடவே இல்லை. கேட்காத செய்திக்கு அடையாளமாகத் திரையில் ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. அது இருக்கும்வரை அவள் தன்னிடம் சொல்ல இன்னும் ஏதோ மீதி இருக்கிறது. அப்படித்தான் மாதங்கள் போயின. இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், குறிப்பாக எந்தக் காரணமும் இல்லாமல், விரல் அதை அழுத்திவிட்டது.

"செவித்திறன் மாற்றுத்திறனாளி நண்பரே," என்றாள் இசக்கி. ஒரு மௌனம். "ஒன் பார்வை மாற்றுத்திறனாளி பேசுதேன்." இன்னொரு மௌனம். "காய்ச்சல் விடல. வரும்போது எளனி வாங்கிட்டு வா. பார்வை மாற்றுத்திறன் போக்குல எதையாவது தூக்கிட்டு வராத." மௌனம். "தட்டிக் கவனித்து வாங்கு." மௌனம். "சாயந்தரம் சந்திப்போம்."

அதன் பிறகு நீண்ட மௌனம். அவ்வளவுதான்.

கோபம் வந்தால்தான் அவள் இப்படி விட்டு விட்டுப் பேசுவாள். காய்ச்சலையும் இளநீரையும் பற்றிச் சொன்னது மட்டும் இயல்பாக, கடகடவென்று வந்திருந்தது. மற்ற ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் ஒரு கதவு சாத்திக்கொண்டது போல் இருந்தது.

அவன் இரண்டாவது முறை கேட்டான். 'பார்வை மாற்றுத்திறன் போக்குல' என்ற இடத்தில் நிறுத்தினான். அவன் வேலையைக் கிண்டல் செய்ய அவள் அந்த நீளமான சொல்லைப் பயன்படுத்துவதுண்டு என்று நினைத்திருந்தான். போனில் எத்தனையோ முறை அப்படிச் சொல்லியிருக்கிறாள். ஆனால் குருட்டாம்போக்கை இப்படி மாற்றிச் சொல்ல கிண்டலுக்குக்கூட மனித வாய் வளையாது. அது இயந்திரத்தின் வேலை. அதைவிட மோசம், அவனுடைய வேலை.

அவன் சேர்ந்திருந்த நிறுவனம் 'இன்சொல்' என்ற ஒன்றைச் செய்திருந்தது. தொலைபேசியில் ஒருவர் பேசும்போதோ குரல்செய்தி அனுப்பும்போதோ புண்படுத்தும் சொல் வந்தால், அது எதிர்முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் வேறு சொல்லாகிவிடும். பேசியவரின் குரலிலேயே, அதே ஏற்ற இறக்கத்தோடு. தமிழில் கண் தொடர்பான சொற்கள் முழுவதும் நயினாரின் பொறுப்பு. எதை நீக்குவது, அந்த இடத்தில் எதை வைப்பது என்று முடிவு செய்தது அவன்தான். பார்வையற்றவரிடம் 'பார்' என்று சொல்வது அவரைக் குத்திக் காட்டுவது போல் ஆகும் என்று, 'பார்க்கலாம்', 'பாத்துப் போ' வகையையும் சேர்த்திருந்தான். அதை வீட்டில் சொன்ன அன்று இசக்கி தோசையைத் திருப்புவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "நேத்து நான் டிவி பாத்தேன்னு சொன்னேனே, அது ஒனக்குக் குத்துச்சா?"

பிறவியிலிருந்தே அவளுக்குப் பார்வை கிடையாது. பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும்போது, அவளுக்குப் பதிலாகத் தேர்வு எழுத வந்தவன் அவன். வேறு துறை மாணவன். அவள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. முதல் தேர்விலேயே அவள் சொன்ன ஓர் ஆண்டு தவறு என்று அவனுக்குத் தெரிந்தது. சரியான ஆண்டை எழுதினான். திருப்பி வாசித்துக் காட்டும்போது பிடித்துக்கொண்டாள்.

"நான் குருடி. நீ என்ன செவிடா? சொன்னதை எழுது."

"தப்புங்க அது."

"என் தப்பு. அதை அடிக்க நீ யாரு?"

அடித்துவிட்டுத் தவறான ஆண்டையே எழுதினான். அந்தச் சண்டையிலிருந்து ஆரம்பித்ததுதான் எல்லாம். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் குருடி, அவன் செவிடன். வீட்டுக்குள் அவர்களுக்கு வேறு பெயர் இருக்கவில்லை.

அனுராதாவின் அறைக் கதவைத் தட்டினான். இன்சொல்லுக்குத் தலைமை அவள். தயிர்சாதத்தில் பாதியை மூடி வைத்துவிட்டு, அவன் நீட்டிய கைபேசியைக் காதில் வைத்துக் கேட்டாள். உதடு சிரிக்கப் போய் நின்றது.

"ஐயோ. மரபுத்தொடருக்கு விலக்கு கொடுக்கலையா நீங்க?"

"குருட்டுன்னு ஆரம்பிச்சா எல்லாத்தையும் மாத்துன்னு வெச்சேன்."

"அடுத்த பதிப்புல சரி பண்ணிடுங்க. யார் இது, தெரிஞ்சவங்களா?"

"என் மனைவி."

அனுராதா கைபேசியை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"எனக்கு அவ பேசினது வேணும். மாத்துறதுக்கு முன்னாடி இருந்தது."

"இருக்காது நயினார். மாத்தின உடனே அது அழிஞ்சிடும். வெச்சிருந்தா ஒட்டுக்கேட்கிறதா ஆயிடும்னு நாமதானே முடிவு பண்ணோம். நீங்களும் அந்தக் கூட்டத்துல இருந்தீங்க."

"என் லைன்ல எப்படி வந்துச்சு இது? வெளியாள் யாராவது திட்டினா மாத்தும்னுதானே சொன்னீங்க."

"ஸ்டாஃப் வீட்டு லைன் எல்லாத்தையும் போன வருஷமே சேர்த்தாச்சு. மெயில் வந்துது. ரெண்டு பக்கமும்."

"ரெண்டு பக்கமும்னா?"

"அவங்க பேசுறது உங்களுக்கு மாறி வரும். நீங்க பேசுறது அவங்களுக்கு மாறிப் போகும். பேசுறவங்களுக்குத் தெரியவே தெரியாது. திருத்தினாங்கன்னு யாருக்கும் வருத்தம் இல்லை. அதுதானே இதோட அழகு."

நயினார் நாற்காலியில் உட்கார்ந்தான். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அவனும் தினமும் போன் செய்திருக்கிறான். தேநீர் இடைவேளையில், பேருந்து நிறுத்தத்தில். என்ன குருடி, சாப்பிட்டியா. குருடி, மழை வருது, துணியை எடு. அவள் காதில் அது என்னவாகப் போய் விழுந்திருக்கும் என்று இப்போது ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். என்ன பார்வை மாற்றுத்திறனாளி, சாப்பிட்டியா.

ஒருநாள் துணி மடிக்கும்போது அவள் கேட்டாள்: "போன்ல மட்டும் நீ ஏன் வேற ஆளா இருக்க? பக்கத்துல ஆபீஸ் ஆளுக இருந்தா என்னைச் சொல்ல வெக்கமா இருக்கோ?" கேள்வி அவனுக்கு விளங்கவில்லை. வேலையில் இருப்பேன் என்று ஏதோ சொன்னான். அவள் சட்டையின் மடிப்பைக் கையால் அழுத்தித் தேய்த்துவிட்டு அலமாரியில் வைத்தாள்.

தன் கணவன் தன்னை நினைத்து வெட்கப்படுகிறான். அப்படி நினைத்துக்கொண்டே அவள் போய்ச் சேர்ந்தாளா? அவனுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"என்மேல கோவமா இருக்கீங்க," என்றாள் அனுராதா. "இருங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். என் பையன் காலை இழுத்து நடப்பான், தெரியுமில்ல? அவன் வகுப்புப் பசங்க நாலு பேர் அவனுக்கு அனுப்பின மெசேஜை நான் கேட்டிருக்கேன். சொல்லுகூடப் பரவாயில்லை. சொல்லிட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாங்க. அதனாலதான் சொல்லோட சேர்த்துப் பின்னாடி வர்ற சிரிப்பையும் எடுக்கணும்னு முதல் பதிப்புலயே வெச்சேன். அவன் இப்ப ஸ்கூலுக்குப் போறான். எனக்கு அது போதும்."

அவன் மேசையிலிருந்த கைபேசியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான்.

"திங்கட்கிழமை தமிழ்நாடு முழுக்கப் போகுது. உங்க பகுதிக்கு நீங்க சரின்னு சொல்லணும். பார்வையற்றோர் சங்கத்துல நாங்க பேசினவங்கள்ல ஒருத்தர்கூட எதிர்ப்பு சொல்லலை, தெரியுமில்ல?"

"யோசிச்சுச் சொல்றேன்."

அன்று மதியம் இசக்கியோடு யார் இருந்தார்கள் என்று அவனுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அம்மாள் சொல்லியிருந்தார், ஜெபராஜ் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்து வெகுநேரம் இருந்துவிட்டுப் போனான் என்று. ஜெபராஜ் அவளோடு ஒரே பள்ளியில், பிறகு ஒரே கல்லூரியில் படித்தவன். அவனுக்கும் பார்வை கிடையாது. முதுகலைப் பட்டம் வாங்கிவிட்டு, கடற்கரை தாம்பரம் மின்ரயிலில் கடலைமிட்டாய் விற்கிறான். இசக்கியைத் தங்கச்சி என்பான், நயினாரை மாப்ள என்பான். அடக்கத்துக்குப் பிறகு அவன் வீட்டுப் பக்கமே வரவில்லை.

நயினார் அவனுக்குப் போன் செய்யவில்லை. போனில் கேட்டால் யார் பதில் சொல்வார்கள் என்று யாருக்குத் தெரியும். அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு ரயில் நிலையத்துக்குப் போனான். இரண்டு வண்டிகளில் ஏறி இறங்கினான். மூன்றாவதில், "அடுத்த நிலையம், பல்லாவரம்" என்று அறிவிப்புப் பெண்ணின் குரல் கேட்டு நாலைந்து பேர் அவசரமாக எழுந்தார்கள். வண்டி அப்போதுதான் கிண்டியை விட்டிருந்தது.

"உக்காருங்க, உக்காருங்க," என்றது ஜெபராஜின் சொந்தக் குரல். "எந்திரிச்சதுதான் எந்திரிச்சீங்க, ஆளுக்கு ஒரு பாக்கெட் வாங்கிட்டு உக்காருங்க."

எழுந்தவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். இன்னொருவர் வாய்க்குள் ஏதோ திட்டினார்.

"எனக்கு ஒண்ணு," என்றான் நயினார்.

பொட்டலத்தை எடுத்த கை அப்படியே நின்றது. "மாப்ளயா?"

"ஆமா."

"பெரிய கம்பெனிக்காரரு மின்ரயில்ல வாராரு. என்ன, கார் பஞ்சரா?"

"என்கிட்ட கார் கிடையாது ஜெபா."

"எனக்குத் தெரியாதா." அவன் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். "சொல்லும்."

நயினார் சொன்னான். சுருக்கமாகத்தான் சொல்ல வந்தது. ஜெபராஜ் தலையைச் சாய்த்துக் கேட்டான். முடிவில், "ஒனக்குத் தெரியாதா?" என்றான்.

"தெரியாது."

"நீ செஞ்ச மெஷினு. ஒனக்குத் தெரியாதுன்னு நான் எப்படிவே நெனைப்பேன்? தெரிஞ்சே பொண்டாட்டிகிட்ட இப்படி நாடகம் போட்டிருக்கானேன்னுதான் ஒன் மூஞ்சில முழிக்கல."

முழிக்கல என்று அவன் சொன்னதை நயினார் கவனித்தான். அதையும்தான் நீக்கி வைத்திருந்தான்.

"ஒன் கம்பெனியில இருந்து எனக்கும் போன் வந்துச்சு, கேட்டியா," என்றான் ஜெபராஜ். "ஒங்களை எப்படிக் கூப்பிடணும்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. நாங்க எங்களைக் குருடன்னுதாம்மா சொல்லிக்கிடுவோம், அது எங்க சொல்லு, அதுல கை வைக்காதீங்கன்னேன். ரொம்ப நன்றி சார்னு வெச்சிருச்சு."

"போன்லயா கேட்டாங்க?"

"பின்ன? பல்லக்கு அனுப்புவாங்களா?"

நயினார் அந்த வாக்கியத்தை மனதுக்குள் இன்சொல்லில் போட்டு எடுத்தான். நாங்க எங்களைப் பார்வை மாற்றுத்திறனாளின்னுதாம்மா சொல்லிக்கிடுவோம், அது எங்க சொல்லு, அதுல கை வைக்காதீங்க. ஒருத்தர்கூட எதிர்ப்பு சொல்லவில்லை.

"திட்டுறவன் வாயை அடைக்கது நல்ல காரியந்தான்," என்றான் ஜெபராஜ். "நான் வேண்டாங்கல. ஆனா என்னைக் குருட்டு நாயேங்கிறவன் பிளாட்பாரத்துல நேர்ல நிக்கான். அவனை ஒன் மெஷினு என்ன செய்யும்? எங்க ஆளுக எங்ககிட்ட கொஞ்சிப் பேசுறதைத்தான் அது அடைச்சிருக்கு. என் நம்பரையும் அதுல சேத்துட்டாங்க போல, இப்ப எங்க அம்மா போன்ல பேசினாகூட ஆஸ்பத்திரியில டோக்கன் கூப்பிடுத மாதிரி இருக்கு."

வண்டி நின்றது. ஏறியவர்களின் கால்கள் பையில் இடித்தன. ஜெபராஜ் பையைக் கால்களுக்கு நடுவில் இழுத்து வைத்துக்கொண்டான்.

"அன்னைக்கு மதியம் அவ என்ன சொன்னா?" என்றான் நயினார்.

"யாரு, தங்கச்சியா?"

"நான் வெட்கப்படுறேன்னு நெனைச்சாளா?"

"நெனைச்சா," என்றான் ஜெபராஜ். "ரொம்ப நாளா. அன்னைக்கு மதியம் வரைக்கும்."

நயினார் அவன் பக்கம் திரும்பினான்.

"அழுதா அன்னைக்கு. காய்ச்சல் வேற. நான்தான் சொன்னேன், ஏட்டி, எங்க அம்மாவும் இப்படித்தான் பேசுதா, போன்ல என்னமோ இருக்குன்னு. ரெண்டு போனையும் பக்கத்துல வெச்சோம். அவ போன்ல இருந்து எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பச் சொன்னேன். குருடின்னு பேசி அனுப்பினா. என் போன்ல என்ன வந்துச்சு தெரியும்லா? அவ அப்படியே பாயில சாஞ்சுட்டா. சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்துருச்சு. எங்களுக்குத் தெரிஞ்ச கெட்ட வார்த்தை பூரா போட்டுப் பாத்தோம். அந்த மெஷினுக்கு மூச்சு முட்டியிருக்கும். அப்புறந்தான் ஒனக்கு அனுப்பினா. அந்தச் செவிடன் கண்டுபிடிக்கானான்னு பாப்போம், சாயந்தரம் வரட்டும், வெச்சுக்கிடுதேன்னா."

"என்ன சொல்லி அனுப்பினா? அவ சொன்னதை மட்டும் சொல்லு. கூட்டாத. குறைக்காத."

ஜெபராஜ் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். பிறகு அந்தக் கூட்டத்துக்கு நடுவில், அவன் வாயிலிருந்து இசக்கி பேசினாள்.

"ஏலே செவிட்டுப் பயலே. ஒன் குருடி பேசுதேன். காய்ச்சல் விடல. வரும்போது எளனி வாங்கிட்டு வா. குருட்டாம்போக்குல எதையாவது தூக்கிட்டு வராத. தட்டிப் பாத்து வாங்கு. சாயந்தரம் பாப்போம்."

எதிர் இருக்கையில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். நயினார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அன்று அவன் இளநீர் வாங்கிப் போகவில்லை.

கம்பியை விடாமலே கேட்டான்: "என்னைத் தேத்துறதுக்காகச் சொல்றியா ஜெபா?"

"நான் மிமிக்ரிக்காரன் மாப்ள," என்றான் ஜெபராஜ். "நம்பினா நம்பு. சொன்னதைத் திருத்த, ஒன்னைய மாதிரி பரீட்சை எழுத வந்தவனா நான்?" தாம்பரத்தில் இறங்கும்போது நயினாரின் தோளைத் தேடிப் பிடித்து ஒரு முறை அழுத்தினான். கடலைமிட்டாய்க்கு அவன் காசு வாங்கவில்லை.

அன்றிரவு நயினாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜெபராஜ் நல்லவன். நல்லவர்கள்தான் இப்படிப் பொய் சொல்வார்கள். அவளுடைய குரலில் பேசுகிறவன், அவள் பேசாததையும் பேசலாம். அறைக்கும் சமையல்கட்டுக்கும் நடந்தான். அவள் அடுக்கி வைத்த அஞ்சறைப்பெட்டியைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்தான்.

காலையில் அனுராதாவை நேரில் போய்ப் பார்த்தான். சங்கத்துக்காரர்களை எந்த லைனிலிருந்து கூப்பிட்டீர்கள் என்று மட்டும் முதலில் கேட்டான்.

"நம்ம ஆபீஸ் லைன்..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். அவள் கெட்டிக்காரி. அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தாள்.

"நிறுத்தச் சொல்றீங்களா?"

"என் பகுதிக்கு நான் சரின்னு சொல்ல மாட்டேன். அவங்களைக் கூப்பிட்டு நேர்ல கேளுங்க. ஜெபராஜ்னு ஒருத்தன் வருவான். கொஞ்சம் திட்டுவான்."

"பசங்க பகுதியை நான் எடுக்க மாட்டேன் நயினார்."

"எடுக்க வேண்டாம்."

"சிரிப்பையும் எடுத்துத்தான் ஆகணும். சொல்லு போயிட்டு சிரிப்பு மட்டும் நின்னா அது இன்னும் கொடுமை. அந்த இடம் வெறுமையா இருந்துட்டுப் போகட்டும்."

அவன் கதவுவரை வந்துவிட்டான். அங்கேயே நின்றான். "எந்த இடம்?"

"சிரிப்பு இருந்த இடம். அதுக்குப் பதிலா நாம எதையும் வைக்கிறதில்லையே. சத்தம் இல்லாம விட்டுடும். ஏன்?"

"ஒண்ணுமில்லை," என்றான்.

மாலையில் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இளநீர் வண்டி நின்றது. குலைகள் கீழே சாய்ந்து கிடந்தன.

"தண்ணியா, வழுக்கையா சார்?"

"வழுக்கை."

அவனே ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தான். ஒன்றும் விளங்கவில்லை. இசக்கிக்கு இரண்டு தட்டில் தெரிந்துவிடும். "அது முத்தல் சார்," என்று கடைக்காரர் வாங்கிக் கீழே போட்டுவிட்டு வேறொன்றைத் தேடினார்.

நயினார் கைபேசியைக் காதில் வைத்தான்.

செவித்திறன் மாற்றுத்திறனாளி நண்பரே. அதற்குப் பின்னால் வந்த இடத்தைக் கேட்டான். ஒன் பார்வை மாற்றுத்திறனாளி பேசுதேன். அதற்குப் பின்னாலும் இருந்தது. காய்ச்சல் விடல, எளனி வாங்கிட்டு வா. அங்கே எதுவும் இல்லை. அங்கே அவள் சிரிக்கவில்லை, அங்கே மாற்றவும் எதுவும் இருக்கவில்லை. போக்கு என்றதும் மறுபடி வந்தது. தட்டிக் கவனித்து வாங்கு என்றதும் வந்தது. இயந்திரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. எடுத்ததை எடுத்த அளவுக்கே விட்டு வைத்திருந்தது.

சாயந்தரம் சந்திப்போம்.

கடைசி மௌனம்தான் எல்லாவற்றிலும் நீளம். கை வைக்காமல், நகர்த்தாமல், அதை முடிவுவரை கேட்டான்.

கடைக்காரர் சீவிய இளநீரை நீட்டிக்கொண்டு நின்றார். "வீட்லயா சார்?"

"ஆமா."

"என்ன சொல்றாங்க, சீக்கிரம் வரச் சொல்றாங்களா?"

"இல்லை," என்றான் நயினார். "சிரிக்கிறா."